நாலு விரல் மடிப்பு

பெண்கள் விடுதியில் துணியறையைப் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தைக்கிற வேலையைவிடப் பிரிக்கிற வேலைதான் அதிகம். விடுதிகளில் மேற்பார்வை, சமையல், மணியடிப்பு என்று ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டு விழிக்கிற சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டிக்கொள்ளாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன்.

நான் காரைக்காலில் கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரிக்கு வந்து, கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் துணியறைக்குப் பொறுப்பானேன். கல்யாணம் ஆகாதவள் என்பதால் பிள்ளைகளுக்கு நான் மம்செல். மற்றக் கன்னியாஸ்திரீகள் செர், தலைமைக் கன்னியாஸ்திரீ எல்லோருக்கும் மமேர். பிரான்சிலிருந்து வந்தவர். தமிழை எங்களிடமே கற்றுக்கொண்டு எங்களிடமே செலவழிப்பார்.

எங்கள் பள்ளிக்குப் பெரிய சரித்திரம் உண்டு. பெற்றோர் வந்து பிள்ளைகளைப் பார்க்கிற கூடத்துக்குப் பர்லுவார் என்று பெயர். அங்கே பள்ளியைத் தொடங்கிய தாய்மார்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கலப்பு வம்சத்துக் கிரெயோல் வீட்டுப் பிள்ளைகளும் பிரவே என்கிற பெரிய பரீட்சை எழுதித் தேறியிருக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்திகூட அந்தப் பரீட்சை மண்டபத்து வாசலை மிதித்ததில்லை. அறிவில்லாமல் இல்லை. பாதியில் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருத்தியாவது எழுத வேண்டும் என்று மமேருக்கு ஆசை. எனக்கோ அது வெறி. அந்த ஒருத்தி ரொசாலிதான் என்று நாங்கள் இரண்டு பேருமே முடிவு கட்டியிருந்தோம்.

பேருக்குப் பதில் எண்

விடுதியில் சேருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எண் உண்டு. அவள் கொண்டுவருகிற கவுன், உள்பாவாடை, படுக்கை விரிப்பு, துவாலை, கைக்குட்டை எல்லாவற்றிலும் அந்த எண்ணைச் சிவப்பு நூலால் தைப்பேன். வெளுத்து வந்த மூட்டையைப் பிரித்து அடுக்க வேறு வழி கிடையாது. பெண் விடுதியை விட்டுப் போகும்போது எண்ணைப் பிரித்துவிட்டுத் துணியைக் கொடுத்தனுப்புவேன். அந்த எண் அடுத்து வருகிறவளுக்குப் போகும்.

ரொசாலியை முத்தியால்பேட்டையிலிருந்து அவள் சித்தப்பா ஆள் தள்ளுகிற புஸ்புஸ் வண்டியில் அழைத்து வந்தார். அவள் அப்பா சைகோனில் கோர்ட்டு குமாஸ்தா. அம்மாவும் தங்கையும் அவரோடு அங்கே இருந்தார்கள். ரொசாலிக்கு அங்கே ஓயாமல் காய்ச்சல் வந்ததால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் குச்சி மாதிரி இருந்தாள், கண் மட்டும் எல்லாவற்றையும் மேய்ந்துகொண்டிருந்தது. அவள் பாவாடையில் நாற்பத்திரண்டு என்று நான் தைத்ததும் எட்டிப் பார்த்து, "ஆறையும் ஏழையும் பெருக்கினா வரும்" என்றாள். எனக்கு அப்போதே பிடித்துப் போய்விட்டது.

சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்தார். எதற்கு எண், யார் போடச் சொன்னது, கொழந்தையை இனிமேல் எண் சொல்லித்தான் கூப்பிடுவீர்களா என்று துருவினார். துணிக்கு மட்டும்தான் எண், பிள்ளைக்குப் பேர்தான் என்று நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "எங்க வூட்ல ஆட்டுக்குட்டிக்குக்கூடப் பேரு வெச்சித்தான் மம்செல் கூப்புடுறோம்."

தொட்டித் தண்ணீர்

இந்தக் கதையில் கடைசியில் துணி ஊறவைக்க இரண்டாவது தொட்டி வந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வீண் நம்பிக்கை வேண்டாம்.

ஊரில் பெரிய வீட்டு அம்மாள் ஒருவர். வாரம் தவறாமல் பூசைக்கு முன்வரிசையில் இருப்பவர். ஒரு நாள் துணியறைக்கே வந்து, குடையை மடக்கி ஓரத்தில் சாத்தி, கதவையும் சாத்தினார். விடுதியில் நெல்லித்தோப்பிலிருந்து புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் துணியும் தன் மகள் துணியும் ஒரே தொட்டியில் ஊறுவது தெரிந்துவிட்டதாம். அந்தப் பெண்ணின் பேரைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை. "அது" என்றார்.

அம்மா, இது கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இடம், பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் படிக்கிறார்கள், கடவுள் முன்னால் எல்லோரும் ஒன்றுதானே என்று கேட்டேன். எனக்கு அன்று வாய் கொஞ்சம் நீளம். அந்த அம்மாள் கோபப்படவே இல்லை. ஞானோபதேசம் மறந்துபோன பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கடவுள் முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான் மம்செல். நான் சொல்றது தொட்டித் தண்ணிய."

பிரெஞ்சில் ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை பர்லுவாரில் பிள்ளைகள் பெற்றோரோடு பிரெஞ்சில்தான் பேச வேண்டும். காவலுக்கு உட்கார்ந்திருக்கும் கன்னியாஸ்திரீக்குத் தமிழ் தெரியாது, பேசுவது என்ன என்று அவருக்குப் புரிய வேண்டும் என்பதால் அந்தச் சட்டம். சட்டம் போட்டவர்கள் படங்களாக மேலே தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் யார் முறையிடுவது?

உப்பளத்திலிருந்து ஒரு தகப்பனும் தாயும் வருவார்கள். தகப்பன் துறைமுகப் பாலத்தில் சாமான் இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி. இருவருக்கும் பிரெஞ்சில் வணக்கம் சொல்ல மட்டும் வரும். உள்ளே வந்ததும் அதைச் சொல்லிவிடுவார்கள். பிறகு மகள் ஒரு நாற்காலியில், இவர்கள் எதிரே இரண்டு நாற்காலியில். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெளுத்த துணி மூட்டையோடு அந்தப் பக்கம் போகிற சாக்கில் அவர்களிடம் இரண்டு வார்த்தை தமிழில் பேசிவிட்டு நகர்வேன்.

மமேரிடம் சொன்னேன். அவருக்கும் மனசு கஷ்டப்பட்டது. மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். மேலிடம் பிரான்சில் இருந்தது. பதில் வரும்வரை அந்தத் தாய்க்குப் பொறுமை இல்லை. ஒரு ஞாயிறு வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "வேற ஒண்ணும் வேணாம் மம்செல். நல்லா சாப்புடுறியாம்மான்னு மட்டும் அவுங்க பாஷையில எப்புடி கேக்குறதுன்னு சொல்லிக் குடுங்க."

சாயபுவின் சந்தேகம்

விடுதிச் சீருடைக்கான நீலத் துணி ஒரு சாயபு கடையிலிருந்துதான் வரும். தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்கிற குடும்பம். பெரியவர் பேச்சு மல் துணி மாதிரி மெதுவாக இருக்கும். என்ன அளவுக்கு எத்தனை கவுன் என்று நான் போய்ச் சொல்வேன், அவர் கிழித்துக் கொடுப்பார்.

சீருடையில் ஒரு முறை உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவுன் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். பெரிய வகுப்புக்கு வந்தால் கணுக்கால்வரை நீளும். பரீட்சை எழுதுகிற வகுப்பு அதுதான். வெளியாட்கள்கூடக் கவுன் நீளத்தைப் பார்த்தே பெண் வளர்ந்துவிட்டாளா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வேறு கடையிலிருந்து வேறு துணி. சாயபுவிடம் நான் வாங்குவது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும்.

ஒரு வருஷம் அவர் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார். கணுக்கால் நீளத்துக்கு ஒரு தரமாவது துணி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். யோசித்தேன். வாங்கியதில்லை. அதற்குள் போய்விடுகிறார்கள் பாய் என்றேன். அவர் வீட்டிலும் பெண் பிள்ளைகள் உண்டு. அவர்களும் வீட்டோடு இருந்தவர்கள்தான். துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க வாங்குறத பாத்தா, இந்த ஊர்ல பொம்பளப் புள்ளைங்க வளர்றதே இல்லன்னு நெனப்பாங்க மம்செல்."

கப்பல் சங்கு

எங்கள் விடுதியில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் சைகோனில் இருந்தார்கள். கோர்ட்டு, சுங்கம், போலீசு, சிறைச்சாலை என்று அங்கே எந்த நாற்காலியைப் பார்த்தாலும் புதுச்சேரிக்காரர் உட்கார்ந்திருப்பார் என்று சொல்வார்கள். சில வருஷங்களுக்கு ஒரு தரம் அவர்களுக்கு நீண்ட விடுப்பு கிடைக்கும். கப்பல் கடலில் தள்ளி நிற்கும். சலங்குப் படகில் ஏறிப் பாலத்துக்கு வருவார்கள். வந்து இறங்கியதும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுப்பார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் முடிப்பார்கள். அடுத்த விடுப்பு எப்போதோ, யார் கண்டது? கையோடு முடித்துவிட்டுக் கப்பலேறுவார்கள்.

ஆகவே கப்பல் சங்கு ஊதினால் பிள்ளைகள் மொட்டைமாடிக்கு ஓடுவார்கள், நான் கத்தரியைத் தேடுவேன். அந்த வாரத்துக்குள் பிரிப்பதற்கு ஓர் எண் நிச்சயம். நூலைப் பிரித்தாலும் துணியில் ஊசித் துளை தெரியும். தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் கொஞ்சம் மறையும். அப்படி மறைத்து அனுப்பிய துணிகளோடு எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் போனார்கள். ஒருத்தி போகும்போது பாதி எழுதிய பிரெஞ்சுக் கட்டுரையை என்னிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள், வந்து முடிக்கிறேன் என்றாள். வரவில்லை.

ரொசாலி மாடிக்கு ஓட மாட்டாள். துணியறையில் எனக்கு உதவியாக இஸ்திரி போடுவாள். போட்டுக்கொண்டே பூகோளத்தில் ஆறுகளின் பேரை ஒப்பிப்பாள். ஒரு தரம் சங்கு ஊதியதும் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். வந்தது எங்கப்பா இல்லையே என்றாள். இல்லை, முத்தியால்பேட்டைக்குச் சேதி ஒன்றும் வரவில்லை என்றேன். முகம் தெளிந்தது. தெளிந்த முகம் அடுத்த நிமிஷமே கோணிக்கொண்டது. அப்பா மேல் அவளுக்கு உயிர். நாலைந்து வருஷமாகப் பார்க்கவில்லை. கவுன் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவ பாக்கணும்போல இருக்கு மம்செல். ஆனா வரக் கூடாது."

தங்க ஓரம்

வருஷக் கடைசியில் பரிசளிப்பு விழா. சீமைப் பூக்கள் வைத்துக் கூடத்தை அலங்கரிப்போம், அரசாங்கத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து நெற்றி வியர்வையைத் துடைத்தபடி பரிசு கொடுப்பார். பரிசு எப்போதும் சிவப்பு அட்டை, தங்க ஓரம் போட்ட புத்தகம். அந்த வருஷம் கணக்கில் ரொசாலி முதல். கிரெயோல் பிள்ளைகளையும் தாண்டி முதல். அவள் பேரைக் கூப்பிட்டபோது நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். குடும்பப் பெண் வீட்டை நடத்தும் முறை பற்றியது. சூப்பு எப்படி வைப்பது, வெள்ளித் தட்டை எப்படித் துலக்குவது, வேலைக்காரியை எப்படித் திருத்துவது. கணக்கில் முதலாக வந்ததற்கு இதுவா என்று மமேரைப் பார்த்தேன். பிரான்சிலிருந்து பெட்டியில் வந்ததுதான் கொடுக்க முடியும் என்பதுபோல் அவர் கையை விரித்தார். ரொசாலி மட்டும் சூப்புக்குச் சொல்லியிருந்த அளவுகளைப் பத்துப் பேருக்கு, நூறு பேருக்கு என்று பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா சபையில் உட்கார்ந்து பெருமையில் பூரித்துப் போனார். புத்தகத்தை வாங்கி இரண்டு கையிலும் எடைபார்த்தார், ஓரத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். அதன் நிறம் அவருக்கு ரொம்பத் திருப்தி. "நல்லா கனமா இருக்கு மம்செல். சீர்வரிசைல வெச்சா எடுப்பா இருக்கும்."

மமேர் கண்ட காரணம்

பரீட்சைக்கு ரொசாலியின் பேர் போய்விட்டது. மமேர் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பாடம் சொன்னார். கணுக்கால் நீளத்துக்கு முதல் முதலாக நான் நீலத் துணி வாங்கினேன். சாயபு அதைக் கிழிக்கும்போது ஏதோ ஓதினார் என்று நினைக்கிறேன். அந்தக் கவுன் தைத்து முடித்த வாரம், முத்தியால்பேட்டைச் சித்தப்பா வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். அண்ணன் விடுப்பில் வருகிறார், அண்ணியும் சின்னவளும் கூட வருகிறார்கள், அடுத்த கப்பல்.

பிள்ளைகள் துணியறையில் கூடிப் பேசினார்கள். அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. அப்பாக்களுக்குப் பெண்ணின் வயது ஞாபகம் இருக்காது, பார்வைக்குச் சின்னவளாகத் தெரிந்தால் அடுத்த விடுப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள், நீளக் கவுனைப் பார்த்தால்தான் ஆபத்து. எனக்கும் அது சரியென்றே பட்டது. இத்தனை வருஷம் பார்த்ததில் கவுன் குட்டையாகிப் போகிற அளவுக்கு வளர்ந்தவளைத்தான் கூட்டிப் போனார்கள், சின்னவளாகத் தெரிந்தவளை இல்லை. ரொசாலி தன் புதுக் கவுனைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மறுத்திருப்பேன், கேட்காமல் நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. உள்பக்கமாக நாலு விரல் அகலத்துக்கு மடித்தேன், அதை இன்னொரு தரம் மடித்தேன், வெளியே தையல் தெரியாமல் சின்னச் சின்னதாகக் குத்திப் போட்டேன். கொண்டையைப் பிரித்து இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பனும் கட்டியானது. நிற்க வைத்துப் பார்த்தால் பாவம், மூன்று வருஷத்துக்கு முந்தின ரொசாலி.

அப்போது மமேர் உள்ளே வந்தார். எங்கள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ஏமாற்று வேலை என்றால் அவருக்கு ஆகாது. காப்பியடித்த பிள்ளையை முழங்காலில் நிறுத்துகிறவர். ரொசாலியைச் சுற்றி வந்தார். குனிந்து மடிப்பைப் பார்த்தார். நிமிர்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இந்த ஊர் தண்ணி மோசம், மம்செல். துணி ரொம்ப சுருங்குது."

இரண்டு மாசம்

அப்பா வந்தார். வெள்ளைக் கோட்டு, தக்கைத் தொப்பி, வெயிலில் கறுத்த நல்ல முகம். பக்கத்தில் முக்காட்டோடு அம்மாவும் சின்னவளும். பர்லுவாருக்குள் ரொசாலி நுழைந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். நான் அங்கே எதற்குப் போனேன் என்றால், கையில் ஒரு மூட்டையோடு போனேன், அவ்வளவுதான். மமேர் அன்று காவல் கன்னியாஸ்திரீக்கு வேறு வேலை கொடுத்துவிட்டுத் தானே வந்து உட்கார்ந்திருந்தார். தமிழில் பேசலாம் என்று கையைக் காட்டினார்.

அப்பா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். பின்னலைப் பிடித்து இழுத்தார். உயரத்தைத் தன் தோளோடு அளந்து பார்த்து, "அட, இன்னும் சின்னப் பொண்ணாத்தான் இருக்கா" என்றார். ரொசாலி என்னைப் பார்த்தாள். மமேர் ஜெபமாலையை எடுத்தார். நான் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பரீட்சை எழுதுகிற முதல் தமிழ்ப் பெண் எங்களுக்குக் கிடைத்துவிட்டாள் என்று எண்ணி நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்திகூட நேர்ந்துகொண்டேன்.

அப்பாவும் சந்தோஷமாகத்தான் இருந்தார். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சைகோனில் அவரோடு ஒரே அலுவலகத்தில் இருக்கிற சிநேகிதரின் பையன், நல்ல வேலை. கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே கைகொடுத்து வாக்குச் சொல்லியாகிவிட்டது. பெண்ணைப் பார்த்துப் பிறகு முடிவு செய்யலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை. மகளை இன்னொரு தரம் ஆசையாக ஏற இறங்கப் பார்த்துவிட்டு மமேரிடம் சொன்னார்: "பரவால்ல மமேர், கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள வளந்துடுவா."

மமேர் விடவில்லை. பரீட்சைவரைக்குமாவது விட்டுவையுங்கள் என்றார். கல்யாணம் முடிந்து எழுதட்டும் என்றார். பிரெஞ்சில் கேட்டார், தமிழில் கேட்டார். அந்த மனிதர் மரியாதை குறையாமல், புன்னகை குறையாமல், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு எல்லாவற்றையும் மறுத்தார். பரீட்சை நாளில் மாப்பிள்ளையும் பெண்ணும் கடலில் இருப்பார்கள். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. அதுதான் எரிச்சல்.

தெரிந்த விரல்கள்

மறுநாள் ரொசாலியின் துணிகளை எடுத்துப்போக அவள் அம்மா துணியறைக்கு வந்தாள். பர்லுவாரில் ஒரு வார்த்தை பேசாமல் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தவள். கூடவே சின்ன மகள், ஏழெட்டு வயசு, பெயர் மர்த்தா. ரொசாலி மடித்த கவுனைப் போட்டபடி ஜன்னலோரம் நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள். "பிரிச்சி வுட்டுடுங்க மம்செல், இனிமே குட்டையா இருந்து என்னா பண்ண" என்றாள். நான் கத்தரியை எடுத்தேன்.

அம்மா என் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து மகளின் கவுன் ஓரத்தை இரண்டு விரலால் தடவினாள். தடவிய விதத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல் எங்கே தொடங்குகிறது என்று தேடவே இல்லை, நேராக அந்த முடிச்சுக்குப் போனாள். எத்தனை விரல் மடித்தீர்கள் என்று கேட்டாள். நாலு என்றேன்.

"எனக்கு மூணு மடிச்சாங்க" என்றாள். "இதே ரூம்புலதான். அப்ப இங்க வயசான செர் ஒருத்தங்க இருந்தாங்க. எனக்கும் அடுத்த வருசம் பிரவே." அவள் இங்கே படித்தவள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிரித்துவிட்ட எண்ணுக்கு யார் பேர் வைத்திருக்கிறார்கள்? ரொசாலி தன் அம்மாவை அன்றுதான் முதல் முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அப்படியானால் நேற்று நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டாள். அம்மா ஒவ்வொரு தையலாக வெட்டிக்கொண்டே வந்தாள். சொன்னேம்மா, கப்பல்ல வர்ற வழியெல்லாம் உங்கப்பாகிட்ட சொன்னேன் என்று கடைசியில் கவுனைப் பார்த்துச் சொன்னாள். துணி தொப்பென்று கணுக்காலில் விழுந்தது. ஓரத்தில் மடிப்பின் கோடு அப்படியே நின்றது.

எண்ணையும் பிரிக்கலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றாள். படுக்கை விரிப்பு, துவாலை, கைக்குட்டை எல்லாவற்றையும் நாற்பத்திரண்டோடு சேர்த்து என் பக்கமே தள்ளினாள். சைகோனுக்கு இந்த முறை பெரியவள் வருகிறாள் அல்லவா, சின்னவளை இங்கே விட்டுப்போக அவள் அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டாளாம். கப்பலில் பேசிய பேச்சில் பலித்தது அது ஒன்றுதான். மர்த்தாவை முன்னால் இழுத்து நிறுத்தினாள். அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னாள்: "இவளுக்கு இப்பவே மடிச்சித் தச்சிடுங்க மம்செல். அஞ்சு வெரலா மடிங்க."

மடித்துத் தைத்திருக்கிறேன், மர்த்தா இப்போது நன்றாக வளர்கிறாள், விடுதியில் எல்லோருக்கும் அதில் சந்தோஷம், எனக்கு மட்டும்தான் இன்னும் ஒரு விரல் மடிக்க ஊசியைக் கோக்கத் தோன்றுகிறது.